பம்பலுக்கு வந்தா ஏன் பைனல் மாதிரி அடிக்கிறாங்கள்? கஷுவல் மேட்ச்மேக்கிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கட வட்ஸ்அப் குரூப்ல பதினொரு பேர். திருகோணமலை டவுன், உப்புவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா எண்டு சிதறிக் கிடக்கிறம், ஆளாளுக்கு ஒரு கேம் விளையாடுறம், ஆனா புலம்புறது மட்டும் ஒரே புலம்பல். இரவு பத்தரைக்கு ஒரு வொயிஸ் நோட் வரும், "மச்சான் என்னடா இது, ரேங்க் கூட இல்லாத மேட்ச், முழுக்கக் கேம் வெறியன்மார், விசர் வருதடா" எண்டு. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை உழைஞ்சுபோச்சு, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். அடுத்த முறை கேட்டா இதைத்தான் அனுப்புவன், கோவிக்கப்படாது.

முதல்ல, இந்த எஸ்.பி.எம்.எம். எண்டா என்ன சாமான்?

ஸ்கில் பேஸ்ட் மேட்ச்மேக்கிங், அதாவது ஒன்லைன் கேம்ல ஆளின்ட திறமையைப் பார்த்து ஆரோட ஆரை விளையாட விடுறது எண்டு சேர்க்கிறது. பேரைப் பார்த்துப் பயப்பிடாதீங்கோ, இதை நாங்கள் எல்லாரும் சின்னனில செய்திருக்கிறம். டச்பே கடற்கரையில பந்தடிக்க முதல் டீம் பிரிக்கிறது ஞாபகம் இருக்கோ? ரெண்டு பேர் கெப்டன், மிச்சப்பேர் சோடி சோடியா தோளில கை போட்டுக்கொண்டு தள்ளிப்போய் குசுகுசுத்து ஆளுக்கொரு பேர் வைச்சுக்கொண்டு வருவாங்கள், "மாம்பழம் வேணுமா பலாப்பழம் வேணுமா" எண்டு கேட்பாங்கள், கெப்டன் மாம்பழம் எண்டா மாம்பழம் அந்தப் பக்கம், பலாப்பழம் இந்தப் பக்கம். சோடி சேருற ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே அளவு விளையாடுறவனா இருக்கவேணும், அதுதான் அதில இருக்கிற சூட்சுமம். வளர்ந்த பெடியனும் மூக்குச்சளி வடியிறவனும் சோடி சேர்ந்து வந்தா கெப்டன் "போய் வேற ஆளோட வாடா" எண்டு கலைச்சுவிடுவான்.

அதையேதான் கேம்ல சேர்வர் செய்யுது. ஆனா ரெண்டு வேலை இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிறதாலதான் பாதிச் சண்டை. முதல் வேலை, இந்த மேட்ச்சுக்கு ஆரை ஆரை உள்ளுக்கு எடுக்கிறது எண்டு பார்க்கிறது. ரெண்டாவது, எடுத்த ஆக்களை ரெண்டு டீமா சமமாப் பிரிக்கிறது. மாம்பழம் பலாப்பழம் ரெண்டாவது வேலை, அதில ஆருக்கும் கோவம் இல்லை. கோவம் வாறது முதல் வேலையில. கடற்கரைக்கு வந்த எல்லாரும் விளையாடினம், கொஞ்சம் நல்லா அடிக்கிறவனை "நீ அடுத்த கடற்கரைக்குப் போ" எண்டு ஆரும் அனுப்பேல்லை.

ரேங்க் மோட் வேற, கஷுவல் வேற. கஷுவல்ல ஏன் ஸ்கில் பார்க்கவேணும்?

ரேங்க் எண்டா திரையில படம் காட்டிற நம்பர். கஷுவல் எண்டா ரேங்க் இல்லாம பம்பலுக்கு விளையாடுற மோட், அதில படம் காட்டமாட்டாங்கள், ஆனா உள்ளுக்குள்ள ஒரு நம்பர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கன கேம்ல அது ரேங்க் நம்பரோட சம்பந்தமே இல்லாத வேற நம்பர். கொல் ஒஃப் டியூட்டி எண்ட துவக்குச் சண்டைக் கேம் 2007ல வந்த மொடர்ன் வோர்ஃபெயார் காலத்திலயிருந்தே ஸ்கில்லையும் ஒரு விஷயமாப் பார்த்துத்தான் ஆக்களைச் சேர்க்குது எண்டு அதை விடுற அக்டிவிஷன் கம்பனியே 2024ல வெளிப்படையாச் சொன்னது. "முந்தி இப்பிடி இருக்கேல்லை, அப்ப நல்லா இருந்தது" எண்டு சொல்லுற அண்ணைமார் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். முந்தியும் இருந்தது, எவ்வளவு இறுக்கமாப் பார்க்கிறாங்கள் எண்டதுதான் கேமுக்குக் கேம் மாறும்.

காரணம் சிம்பிள். புதுசா வாறவன் முதல் நாளே இருபது தரம் செத்தா ரெண்டாம் நாள் கேமை டிலீட் பண்ணிப்போட்டுப் போயிடுவான். கம்பனிக்கு அவனும் வேணும்.

அந்த நம்பரை எப்பிடிப் போடுறாங்கள்?

எனக்குப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் இழுப்பன், அலுத்தா அடுத்த கேள்விக்குப் போங்கோ.

இது செஸ்ல இருந்து வந்தது. ஆர்பாட் ஈலோ எண்டு ஹங்கேரியில பிறந்து அமெரிக்காவில பௌதிகம் படிப்பிச்ச ஒரு பேராசிரியர், அவர்ட முறையை அமெரிக்க செஸ் சம்மேளனம் 1960லயும் உலக சம்மேளனமான ஃபிடே 1970லயும் எடுத்தது. எல்லாருக்கும் ஒரு நம்பர். ரெண்டு பேரும் ஒரே நம்பர் எண்டா பாதிக்குப் பாதி. ஒருத்தன் 200 புள்ளி கூட எண்டா அவனுக்கு நூறுக்கு 76 அளவில கிடைக்கும் எண்டு கணக்கு, 400 கூட எண்டா 91. மெலிஞ்சவன் பலசாலியை வெண்டா நம்பர் எகிறும், பலசாலி மெலிஞ்சவனை வெண்டா பெருசா ஒண்டும் கூடாது, "அதுதானே எதிர்பார்த்தது" எண்டு விட்டிடும்.

1995ல மார்க் கிளிக்மன் எண்டவர் இதில இன்னொண்டு சேர்த்தார், நம்பர் மட்டும் காணாது, அந்த நம்பரை எவ்வளவு நம்பலாம் எண்டதையும் எழுதி வைக்கவேணும் எண்டு. ஓ.எல். சோதினைக்கு மூண்டு மாசம் போனைத் தொடாம இருந்திட்டு வாறவன்ட பழைய நம்பரை அப்பிடியே நம்ப ஏலுமே? ஏலாது. அந்தச் சந்தேகமும் ஒரு நம்பராப் போகும். பிறகு மைக்ரோசொஃப்ட் ஆக்கள் எக்ஸ்பொக்ஸ் 360 வந்த 2005ல ட்ரூஸ்கில் எண்டு ஒண்டைக் கொண்டுவந்தாங்கள், அது டீமா விளையாடுற கேமுக்கு ஏத்தது. அதில புது ஆள் 25ல தொடங்குவான், சந்தேகம் 8.33. மூண்டு மடங்கு சந்தேகத்தைக் கழிச்சா பூச்சியம். அதாவது "நீ நல்லவனா இருக்கலாம் தம்பி, ஆனா எனக்கு உன்னை இன்னும் தெரியாது, பூச்சியத்தில நில்லு" எண்டு சொல்லுது. எங்கட ஊர் மாமிமார் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி.

இதெல்லாம் வெளியில தெரிஞ்ச முறைகள். இப்ப ஒவ்வொரு கேமும் தன்ட சொந்தக் கலவையை வைச்சிருக்கு, அதில கில், டெத், மேட்ச் முடிவு எல்லாம் எவ்வளவு சேருது எண்டு முழுசா வெளியில விடமாட்டாங்கள், விட்டா எங்கட பெடியள் அடுத்த நாளே அதை ஏமாத்த வழி கண்டுபிடிப்பாங்கள்.

ரெண்டு மேட்ச் நல்லா அடிச்சா மூண்டாவதில போட்டுச் சாத்துறாங்கள். வேணுமெண்டு செய்யிறாங்கள்தானே?

எனக்கும் அப்பிடித்தான் தோணினது. அதால ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து ஒரு மாசம் எழுதினன், தேதி, நேரம், வெண்டதா தோத்ததா, ஆரோட விளையாடினன் எண்டு. மனிசி பார்த்திட்டு "கடைக்கணக்கு எழுதுறதுக்கு மட்டும் பஞ்சி" எண்டா. கடைசியில பார்த்தா ரெண்டு வெற்றிக்குப் பிறகு வாற மூண்டாவது மேட்ச் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான் போயிருக்கு. வெண்ட மூண்டாவதுகள் ஒண்டும் எனக்கு ஞாபகமே இல்லை, தோத்த மூண்டாவதுகள் எல்லாம் ஆணி அடிச்ச மாதிரி ஞாபகம் இருக்கு.

அதுக்காக முழுக்கப் பொய் எண்டும் இல்லை. நம்பர் ஏறினா எதிராளியும் ஏறத்தான் செய்யும். புது எக்கவுண்ட் எண்டாலோ கன நாளைக்குப் பிறகு வந்தாலோ சந்தேகம் கூட, அதால ஒரே மேட்ச்ல நம்பர் நல்லாத் துள்ளும், துள்ளினா அடுத்த லொபி, அதாவது மேட்ச்சுக்குச் சேருற கூட்டம், திடீரெண்டு கஷ்டமாத்தான் இருக்கும். இன்னொரு விஷயம், இந்த முறை சரியா வேலை செய்தா நீங்கள் எவ்வளவு திறமானாலும் பாதி மேட்ச் தோப்பீங்கள். அதுதான் அதின்ட நோக்கமே. முந்தி நாலில மூண்டு வெண்டவனுக்கு இது தண்டனை மாதிரித்தான் இருக்கும், அவன்ட கோவத்தில நியாயம் இருக்கு, கஷ்டப்பட்டுப் பழகினதின்ட ருசியை ஒரு நாளும் காட்டாம வைச்சிருக்கிறது கொடுமைதான். ஆனா அவன் வெண்ட அந்த மூண்டு மேட்ச்சிலயும் தோத்தவன் ஒருத்தன் இருந்தானே.

என்னோட விளையாடினா தம்பி, மருமகன் எல்லாம் ஏன் அழுறாங்கள்?

என்ட அக்காட மகனுக்கு பதினொரு வயசு. போன லீவுக்கு வீட்டுக்கு வந்தான், மூலையில வெடிச்ச கண்ணாடி உள்ள போன், வலது பெருவிரலை அந்த வெடிப்பு கீறும் எண்டு செலோடேப் ஒட்டி வைச்சிருக்கிறான். தனிய விளையாடேக்க பத்துப் பன்னிரெண்டு கில் எடுப்பான், எடுத்திட்டு அம்மம்மாட்ட ஓடிப்போய்க் காட்டுவான், அவ கண்ணாடி போடாமலே "நல்லம் ராசா" எண்டுவா. நான் "வா மாமாவோட சேர்ந்து போடுவம்" எண்டு கூப்பிட்டன். இறங்கி ஒரு நிமிஷம் ஆகேல்லை, மதிலுக்குப் பின்னால நிண்டவனை எங்கேயோ தூரத்தில இருந்து ஒருத்தன் ஒரே வெடியில எடுத்தான். ரெண்டாவது மேட்ச்சும் அப்பிடி. மூண்டாவதும். போனைக் கவிட்டு வைச்சிட்டுச் சொன்னான், "மாமா, நீங்க வந்தா எனக்குச் சரிவராது."

நடந்தது என்னெண்டா, சேர்ந்து போகேக்க சேர்வர் எங்கட ரெண்டு நம்பரையும் கூட்டிச் சராசரி எடுக்கும், இல்லாட்டி கூடின நம்பர்காரன் பக்கம் கொஞ்சம் சாய்ச்சு எடுக்கும். சராசரி எடுத்தாலும் அவனுக்கு அது எட்டாத உயரம், எனக்கு அது லேசு. கூடின பக்கம் சாய்ச்சா அவன் செத்தான். சாய்க்காட்டி நாளைக்கே ஒரு கெட்டிக்காரன் புது எக்கவுண்ட்காரன் ஒருத்தனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு சின்னப் பெடியள் லொபிக்குள்ள இறங்கி வெளுப்பான். ரெண்டுக்கும் நடுவில நல்ல வழி எண்டு ஒண்டை நான் இன்னும் காணேல்லை. குடும்பமா, கூட்டாளிமாரா சேர்ந்து விளையாடுறதுதான் கஷுவல் எண்டு சொல்லுறாங்கள், அதிலதான் இது படு மோசமா வேலை செய்யுது. என்ட மிச்ச எல்லாக் குறையையும் விட இதுதான் எனக்குப் பெருசு.

எங்களுக்கு மட்டும் ஏன் பிங் இப்பிடி? இதுக்கும் ஸ்கில்லுக்கும் என்ன சம்பந்தம்?

பிங் எண்டா எங்கட போன்ல இருந்து சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம், மில்லி செக்கன்ல. நான் விளையாடுற கேம்கள்ல எங்களுக்குக் கிடைக்கிறது சிங்கப்பூர் சேர்வர், இல்லாட்டி மும்பை. திருமலையில இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில 2,600 கிலோமீட்டர் அளவு. ஃபைபர் கண்ணாடிக்குள்ள வெளிச்சம் செக்கனுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் அளவிலதான் ஓடும். போய் வர 5,200, அதுக்கு 26 மில்லி செக்கன். இது கடவுளே நேர வயர் இழுத்தாலும் குறைக்க ஏலாத கணக்கு. ஆனா கடலுக்குள்ள போற பெரிய கேபிள் எங்கட துறைமுகத்தில ஏறேல்லை, கொழும்புப் பக்கமும் மாத்தறையிலயும்தான் கரைக்கு வருது, நாங்கள் முதல்ல நாட்டைக் குறுக்கால கடந்து மேற்குக்கோ தெற்குக்கோ போய்த்தான் கிழக்கால போறம். இயற்கைத் துறைமுகம் எண்டு உலகமே சொல்லுது, கேம் டேட்டாவுக்கு அது உதவேல்லை. எனக்கு நல்ல நாளில 70, மழை நாளில கேக்கவேண்டாம்.

சம்பந்தம் எங்க வருதெண்டா, சேர்வர் ஆள் தேடேக்க பிங், காத்திருக்கிற நேரம், ஸ்கில் மூண்டையும் பார்க்குது. முதல்ல இறுக்கமாத் தேடும், ஆள் கிடைக்காட்டி கொஞ்சம் கொஞ்சமா வலையை விரிக்கும், கரைவலை மாதிரி. ஸ்கில்லை இறுக்கிப் பிடிச்சா தூரத்து ஆளை எடுக்கவேணும், கிட்ட ஆள்தான் வேணும் எண்டா ஸ்கில்லை விடவேணும். டோக்கியோவில கிட்டடியிலயே ஆயிரக்கணக்கில ஆள், ரெண்டும் கிடைக்கும். எங்களுக்கு எப்பவும் ஒண்டு குறையும்.

இரவு பன்னிரெண்டுக்குப் பிறகு ஏன் இன்னும் மோசம்?

இதை நானாக் கண்டுபிடிச்சன், கொஞ்சம் பெருமை அடிக்க விடுங்கோ. நைட் டேட்டா தொடங்கிறது எத்தினை மணிக்கு? பன்னிரெண்டு. எங்கட பெடியள் எல்லாம் அப்பத்தான் இறங்கிறாங்கள், காசு மிச்சம் எண்டு. சிங்கப்பூர் நேரம் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. எங்கட பன்னிரெண்டுக்கு அங்க விடியப்புறம் ரெண்டரை. சிங்கப்பூர், மலேசியா, மணிலா எல்லாம் அதே நேரம்தான். அந்த நேரத்தில அங்க முழிச்சிருந்து கேம் விளையாடுறது ஆர்? நாளைக்கு வேலைக்குப் போற அண்ணையா? இல்லை, வெறியன் மட்டும்தான். சாதாரண ஆக்கள் எல்லாம் படுத்திட்டாங்கள், குளம் வத்தி பெரிய விரால் மட்டும் மிஞ்சியிருக்கு, அதுக்குள்ள நாங்கள் கெளுத்திக்குஞ்சு மாதிரி குதிக்கிறம். இரவு ஏழரை எட்டுக்குப் போட்டுப் பாருங்கோ, அங்க பத்து, பத்தரை, எல்லா அளவு ஆளும் இருப்பாங்கள். நான் கோட்டையடிக் கடற்கரை மதிலில இருந்து, பின்னுக்கு மான் நிண்டு பேப்பர் திண்டுகொண்டிருக்க, ஏழரைக்குப் போட்ட மேட்ச்தான் இந்த வருசம் நான் விளையாடினதிலயே சந்தோசமான மேட்ச்.

எதிரில நிக்கிறவன் சும்மா நிண்டு சாகிறான். பொட்டா?

அனேகமா. பொட் எண்டா ஆள் இல்லை, கம்பியூட்டரே ஓட்டுற பொம்மை. ஃபோர்ட்நைட் எண்ட கேம் 2019ல புது மேட்ச்மேக்கிங்கையும் பொட்டுகளையும் சேர்த்தே கொண்டுவந்தது, சொல்லிப்போட்டுத்தான் செய்தாங்கள். நாங்கள் சின்ன ஆக்களை உப்புக்குச் சப்பாணியாச் சேர்க்கிறனாங்களே, அவுட் ஆனாலும் அவுட் இல்லை எண்டு, அதின்ட மறுபக்கம் இது. உங்களைச் சந்தோசப்படுத்த உப்புக்குச் சப்பாணியை எதிர்ப்பக்கம் நிறுத்துறாங்கள். பழக நல்லம். என்ட மருமகன் எடுத்த பன்னிரெண்டு கில்லில எத்தினை பொட் எண்டு நான் எண்ணேல்லை, அவன்ட அம்மம்மாவும் கேட்கேல்லை.

காசு கட்டி ஸ்கின் (கேம்ல ஆளுக்கும் துவக்குக்கும் போடுற அலங்காரம்) வாங்கினா லேசான லொபி கிடைக்குமாமே?

இந்தக் கதைக்கு ஒரு வேர் இருக்கு. அக்டிவிஷன் 2015ல விண்ணப்பிச்ச ஒரு பேட்டன்ட் 2017 ஒக்டோபர்ல கிடைச்சது, புதுப் பெடியனை நல்ல துவக்கு வைச்சிருக்கிற கெட்டிக்காரனோட சேர்த்துவிட்டா அவனுக்கும் அதை வாங்க ஆசை வரும், வாங்கின பிறகு அது நல்லா வேலை செய்யிற மேட்ச்சில போட்டா இன்னும் வாங்குவான் எண்ட மாதிரி. இதை எந்தக் கேம்லயும் போடேல்லை எண்டு கம்பனி சொன்னது. அதே 2017ல ஈ.ஏ. எண்ட இன்னொரு கேம் கம்பனிட ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆக்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்கள், சமமான மேட்ச் கொடுக்கிறதை விட ஆள் கேமை விட்டுப் போகாத மாதிரி மேட்ச் கொடுக்கிறது எப்பிடி எண்டு, வரிசையாத் தோத்தவன் விட்டுட்டுப் போவான், அதால அவனுக்கு எதைக் கொடுக்கவேணும் எண்டு கணக்குப் போட்டது. அது ஆய்வு, உங்கட போன்ல ஓடுறதுக்கு ஆதாரம் இல்லை. ஆனா இப்பிடி யோசிக்கிற ஆக்கள் இருக்கிறாங்கள் எண்டு தெரிஞ்ச பிறகு ஒவ்வொரு தோல்வியிலயும் ஒரு சதி தெரியும். அதுக்கு நாங்கள் மட்டும் பிழை இல்லை, மூடி வைச்சவங்களும்தான்.

அப்ப இதை ஒரேயடியா எடுத்துவிட்டா என்ன?

எடுத்துப் பார்த்திருக்கிறாங்கள். யூபிசொஃப்ட் கம்பனிட எக்ஸ்டிஃபையன்ட் எண்ட துவக்குச் சண்டைக் கேம் 2024 மே மாசம் வந்தது, புது ஆக்களுக்கான தொடக்கப் பகுதியைத் தவிர கஷுவல்ல ஸ்கில் பார்க்கமாட்டம் எண்டு அதையே விளம்பரமாப் போட்டாங்கள். 2025 ஜூன்ல மூடிட்டாங்கள். மூடினதுக்கு வேற காரணமும் கனக்க இருக்கு, ஆனா ஸ்கில் பார்க்காததால மட்டும் ஒரு கேம் ஓடாது எண்டது தெரிஞ்சுபோச்சு. 2024ல அக்டிவிஷன் வட அமெரிக்காவில பாதிப்பேருக்கு ஆருக்கும் சொல்லாம ஸ்கில்லின்ட இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்தது, நடுவில விட்டுட்டு ஓடுறது கூடினது, ஒருபக்கச் சாத்து கூடினது, திரும்பி விளையாட வாறது மேல இருக்கிற பத்து வீதம் தவிர்ந்த மிச்ச எல்லாருக்கும் குறைஞ்சது எண்டு அதே வருசம் ஜூலையில அறிக்கை விட்டாங்கள். கம்பனி தன்ட கதையைத் தானே சொன்னது எண்டதையும் மறக்கவேண்டாம். அப்பிடிச் சொன்னவங்களே 2025ல கொல் ஒஃப் டியூட்டிட பிளாக் ஒப்ஸ் 7 வரேக்க ஸ்கில்லை ஆகக் குறைவாப் பார்க்கிற திறந்த மேட்ச்மேக்கிங்கைக் கொண்டுவந்தாங்கள், மேட்ச் முடிஞ்சாலும் லொபி கலையாம அதே ஆக்களோட தொடரலாம் எண்டும் விட்டாங்கள்.

எனக்கு அந்த ரெண்டாவது விஷயம்தான் பெருசு. தோத்த மேட்ச்சில எனக்குச் சாத்தினவன் அடுத்த மேட்ச்சிலயும் நிண்டா நான் பழிவாங்கலாம், பகிடி விடலாம். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் புது முகம் எண்டா அது பஸ் ஸ்டாண்ட்.

வேணுமெண்டு பத்து மேட்ச் செத்தா, இல்லாட்டி புது எக்கவுண்ட் திறந்தா, இல்லாட்டி வி.பி.என். போட்டா?

மூண்டும் வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. வேணுமெண்டு சாகிறது உங்கட டீம்ல வந்து மாட்டினவனுக்குச் செய்யிற துரோகம். புது எக்கவுண்ட் ஸ்மர்ஃப் எண்டு சொல்லுவாங்கள், 1990கள்ல வோர்கிராஃப்ட் 2 எண்ட கேம் காலத்திலயே இந்த வேலை இருந்தது. அந்த லொபிக்குள்ள இருக்கிறது செலோடேப் ஒட்டின போன் வைச்சிருக்கிற என்ட மருமகன், அவ்வளவுதான் சொல்லுவன். வி.பி.என். எண்டா வேற நாட்டில இருந்து வாற மாதிரிக் காட்டுற வழி, அதைப் போட்டா பிங் ஏறும், சில கேம்ல பிடிச்சா எக்கவுண்ட்டும் போகும்.

சரி, நாங்கள் என்னதான் செய்யிறது?

நேரத்தை மாத்துங்கோ, ஏழரை எட்டு. ஆள் நிறைய இருக்கிற மோட்டை எடுங்கோ, ஆருமில்லாத மோட்டுக்குப் போனா சேர்வருக்கும் வேற வழியில்லை. சின்ன ஆக்களோட எண்டா பொது மேட்ச்சே வேண்டாம், கஸ்டம் ரூம் திறந்து குடும்பத்துக்குள்ள அடிபடுங்கோ, நான் இப்ப அதுதான் செய்யிறன், போன கிழமை கத்தி மட்டும் வைச்சு விளையாடினம், மருமகன் என்னை நாலு தரம் குத்தினான், அம்மம்மாவுக்கு இந்த முறை கண்ணாடி போட்டுக் காட்டினான்.

கம்பனிமாருக்கு ஒண்டு. கஷுவல்ல கொஞ்சம் ஸ்கில் பாருங்கோ, புது ஆளைக் காப்பாத்துங்கோ, பிரச்சினை இல்லை. ஆனா பார்க்கிறதை எங்களுக்குக் காட்டுங்கோ. தோத்த பிறகு "இந்த லொபி உன்னை விடக் கொஞ்சம் கூட, வாற பிங் இவ்வளவு" எண்டு ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுபோகும்? கடற்கரையில கெப்டன் கலைச்சுவிட்டதுக்கு ஆரும் கோவிக்கேல்லை, எல்லாருக்கும் முன்னால கலைச்சான்.

இண்டைக்கு இரவு வாறியா?

வாறன், எட்டு மணிக்கு. பன்னிரெண்டுக்கு எண்டா நான் இல்லை, விரால் பிடிக்க வேற ஆளைப் பாருங்கோ.